முன்கூடத்து வெள்ளைக் கூரை

சாக்கின் வாயைச் சணலால் இறுக்கிக் கட்டிய பிறகுதான் வெளியே எடுத்துப்போக வேண்டும். அது பெரியவர் போட்ட சட்டம். சிட்டு காலையிலிருந்து அப்படித்தான் சுமந்துகொண்டிருந்தாள். சமையலறைக் கூரையிலிருந்து கொத்தி இறக்கிய சிமெண்டுச் சில்லுகளை அள்ளிச் சாக்கில் போட்டு, கட்டி, தலையில் ஏற்றி, பின்கதவு வழியாகச் சந்துக்குள் நிற்கும் வண்டியில் கொண்டுபோய் அடுக்க வேண்டும். மற்ற வீடுகளில் என்றால் இடித்ததை வாசலிலேயே குவித்துவிடுவார்கள். இந்த வீட்டில் ஒரு கல்கூடத் தெருப் பக்கம் தலைகாட்டக் கூடாது.

பெரியவர் பின்கதவை ஒட்டிக் கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டு நின்றார். ஆலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். புழுக்கத்திலும் சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டிருந்தார். தூசி பறக்கும் இடத்தில் நின்றும் அவர் ஒருமுறைகூட மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லை.

"அந்தக் கட்டு தளர்ந்திருக்கு பார்."

"சந்துல யாருங்கய்யா பாக்கப் போறா, பூனையைத் தவிர?"

"பூனைக்கும் வாய் இருக்கு. இறக்கிக் கட்டு."

சிட்டு இறக்கிக் கட்டினாள். சாரத்தில் கலவைச் சட்டியோடு விறுவிறுவென்று ஏறுவதால் வேலையிடத்தில் யாரோ வைத்த பெயர் அது. மேஸ்திரிக்கு அவளைக் கட்டிக்கொடுத்தபோது இருந்த பெயர் இப்போது அவனுக்கே சட்டென்று வாயில் வராது. அவர்களுடைய பெண் குழந்தை, தரைக்கல் வந்த அட்டைப்பெட்டிக்குள் உட்கார்ந்து, மொட்டையாகிப்போன ஒரு பெயிண்ட் பிரஷ்ஷால் தன் முழங்காலுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தது.

வீடு பெரியவரின் அப்பா கட்டியது. அப்பாவும் அம்மாவும் போன பிறகு பூட்டிக் கிடந்தது. பெரியவருக்கு ஒரே தங்கை. ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்க்கிறாள். அவள் புருஷன் முதுகெலும்பு நகர்ந்து படுக்கையில் கிடக்கிறான். வீடு விற்றால்தான் அவனுக்கு ஆபரேஷன். வாங்க வந்தவர்கள் எல்லாரும் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: இடித்துவிட்டு மனையாக எடுத்துக்கொள்கிறோம். அந்த வார்த்தை வந்ததும் பெரியவர் எழுந்து கதவைத் திறந்துவிடுவார். "இடிக்க வர்றவனுக்கு என் அப்பா வீட்டை விக்க மாட்டேன். குடியிருக்க வர்றவன் வரட்டும்," என்பார். அதற்காகத்தான் இந்த மராமத்து. தரைக்குப் புதுக் கல், ஜன்னல்களுக்குப் புதுக் கண்ணாடி, குழாய்களுக்குப் புதுத் தலை. ஒவ்வொரு அறையாக முடித்துக்கொண்டு வந்தார்கள். கடைசியில் முன்கூடம் மிச்சமிருந்தது.

முன்கூடம்தான் வீட்டிலேயே பெரியது. வாசற்படி ஏறினால் நேரே அதற்குள்தான் வர வேண்டும். மேஸ்திரி சாரத்தின் மேல் ஏறி நின்று, சுத்தியலின் மரப்பிடியால் கூரையைத் தட்டிப் பார்த்தான். சுவரோரம் கெட்டியாகச் சத்தம் வந்தது. இரண்டடி தள்ளித் தட்டியபோது காலி டப்பாவைத் தட்டியது போல வந்தது. நடுவில் தட்டக் கையை ஓங்கினவன், என்ன நினைத்தானோ, ஓங்கிய கையை இறக்கிக்கொண்டான். விரலால் சுரண்டினான். பூச்சு இளகி உதிர்ந்தது. உள்ளே கம்பி இருந்த இடத்தில் செம்மண் நிறத்தில் பொடிதான் இருந்தது.

"ஐயா, கொஞ்சம் வந்து பாருங்க."

பெரியவர் வந்து அண்ணாந்து பார்த்தார். அவருக்குத் தெரியாததை மேஸ்திரி ஒன்றும் சொல்லிவிடவில்லை. கூரை தொய்ந்திருப்பது தரையில் நின்றாலே கண்ணுக்குத் தெரிந்தது. தங்கையும் பார்த்தாள். இரவு வேலை முடித்து நேரே வந்திருந்ததால் கண்கள் சிவந்திருந்தன.

"கொத்தி எடுத்துட்டு மறுபடி பூசினா?" என்று கேட்டாள்.

"கை வச்சா மொத்தமா வந்துரும்மா. அப்புறம் கீழே நின்னா வானம்தான் தெரியும். புதுசா தளம் போடணும்."

"அண்ணா, அந்த மனைக்காரர் இன்னும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கார். அவருக்கே குடுத்துடலாமே. நமக்கு என்ன, அவர் இடிக்கட்டும் கட்டட்டும்."

"அப்பா போட்ட கூரை உளுத்துப்போச்சுன்னு நாமளே ஊருக்குத் தண்டோரா போடறதா?" பெரியவர் குரலை உயர்த்தவில்லை. "சாகற வரைக்கும் ஒருத்தன்கிட்ட ஒரு சொல்லு கேட்டதில்லை அந்த மனுஷன். செத்தப்புறம் கேக்கணுமா?"

தங்கைக்கு ஆபரேஷன் தேதி முக்கியம். புதுத் தளம் என்றால் அது எவ்வளவு தள்ளிப்போகும் என்பதை அவள் முகம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

அப்போது மேஸ்திரிதான் வாயை விட்டான். அவனுக்கு எந்தச் சிக்கலுக்கும் வழி சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் தூக்கம் வராது.

"கொத்தாமலே ஒரு வேலை செய்யலாங்கய்யா. ஒரு சாண் கீழ இறக்கித் தகரச் சட்டம் கட்டி, ஜிப்சம் பலகை அடிச்சிட்டா, மேல என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? சொட்டைக்கு டோப்பா வச்ச மாதிரி கல்யாண மாப்பிள்ளை ஆயிரும் வீடு." சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.

பெரியவர் சிரிக்கவில்லை. "உதிர்றது?"

"உதிர்றது பலகை மேலயே கிடந்துட்டுப் போகுது."

பெரியவர் மறுபடி அண்ணாந்து பார்த்தார். "கொத்த வேண்டாம். மூடு," என்றார். பிறகு வாசல் வரை போய்த் திரும்பி, "என் மகளைக் கட்டின மாப்பிள்ளை, தான் கட்டற பெரிய பில்டிங்குக்கு நிரந்தரமா ஒரு மேஸ்திரி தேடறார். இந்த வேலை வெளியே பேச்சு இல்லாம முடியட்டும். நான் சொன்னா அவர் தட்ட மாட்டார்," என்றார்.

மேஸ்திரி சிட்டுவைப் பார்த்தான். தினமும் விடியற்காலையில் நாற்சந்தியில் போய் நின்று, யாராவது வந்து கூப்பிடுவார்களா என்று வண்டி வண்டியாக முகம் பார்த்துப் பார்த்தே அவனுக்குக் கண்ணோரம் சுருக்கம் விழுந்திருந்தது. நிரந்தரம் என்ற சொல்லை ஒருவர் அவனிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

சட்டம் கட்டும் வேலை நடந்த நாட்களில் சிட்டு ஒன்றைக் கவனித்தாள். சாப்பாட்டு வேளையில் கூடத்தின் நடுவில்தான் காற்றும் வெளிச்சமும் இருந்தன. ஆனால் மேஸ்திரியும் சரி, மற்ற அறைகளுக்கு வெள்ளையடிக்க வந்த பெயிண்டரும் சரி, டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கதவடிக்கே போனார்கள்.

"ஏன் அங்க போய் முடங்கிக்கறே? நடுவுல உக்காந்து சாப்பிடேன்," என்றாள்.

"இங்கதான் நிழலா இருக்கு."

"வீட்டுக்குள்ள என்னய்யா நிழலு?"

பெயிண்டருக்குப் புரையேறியது. மேஸ்திரி அவளை முறைத்துவிட்டு டப்பாவைப் பார்த்துக் குனிந்துகொண்டான். குழந்தையின் அட்டைப்பெட்டியைச் சிட்டு எப்போதோ சமையலறைக்கு இழுத்துப் போயிருந்தாள். யாரும் அவளை இழுக்கச் சொல்லவில்லை.

சட்டத்தைத் தொங்கவிடக் கொக்கி அடிக்கச் சுவரோரத்தில் மட்டும்தான் கெட்டியான இடம் கிடைத்தது. நடுவில் துளை போட்டால் துளை குழியாகிக்கொண்டே போனது. மேஸ்திரி நாலு இடம் பார்த்துவிட்டு, நடுவில் கொக்கியே வேண்டாம் என்று விட்டுவிட்டான். பலகைகள் ஏறின. இணைப்புகளில் பட்டி பூசி, தேய்த்து, வெள்ளை அடித்தார்கள். மின்விசிறியை நடுவில் இருந்த பழைய கொக்கியிலேயே மாட்டினார்கள். சாரத்தைப் பிரித்ததும் கூடம் புதுக் கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது. தங்கை வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "அம்மா இதைப் பாக்காம போய்ட்டாளே," என்றாள்.

அன்றைக்குத்தான் சிட்டு அந்தச் சத்தத்தை முதலில் கேட்டாள். தரையில் ஒட்டிய பெயிண்டுத் துளிகளைப் பிளேடால் சுரண்டிக்கொண்டிருந்தாள். மேலே, வெள்ளைப் பலகைக்கு அந்தப் பக்கம், யாரோ ஒரு பிடி மணலைக் கொட்டியது போலச் சரசரவென்று ஓடி நின்றது. தெருவில் ஏதோ லாரி போயிருந்தது. அவள் எழுந்து சுவரோரம் போய் நின்றுகொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, லாரி எதுவும் போகாமலே, மறுபடியும் ஓடியது.

வீடு பார்க்க வந்தவள் ஒரு டீச்சர். குள்ளமான, சுறுசுறுப்பான பெண். கையில் அளவு நாடாவும் சாக்பீசும் வைத்திருந்தாள். தையல் தொழிற்சாலைக்குப் போகும் பெண்களின் குழந்தைகளைப் பகல் முழுவதும் வைத்துப் பார்த்துக்கொள்ள ஓர் இடம் தேடிக்கொண்டிருந்தாள். ஸ்கூல் வேலையை விட்டதும், புருஷன் வழியில் வந்த தோட்டத்தை விற்றதும் இதற்காகத்தானாம். வந்த வேகத்தில் அதையெல்லாம் சொல்லிவிட்டாள்.

"பிள்ளைங்களுக்கா?" என்றார் பெரியவர்.

"ஆமாங்கய்யா. இந்தக் கூடத்துலதான் மதியம் படுக்க வைப்பேன். பாருங்களேன், எவ்வளவு வெளிச்சம்! இங்க ஒரு வரிசை, இங்க ஒரு வரிசை. ரொம்பச் சின்னதுங்களை ஃபேனுக்கு நேர் கீழே போட்டுடலாம்." அவள் குனிந்து தரையில் சாக்பீசால் பாய் அளவுக்குக் கோடு போட ஆரம்பித்தாள்.

சிட்டு ஜன்னல் கம்பி துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றுபோயிற்று. அப்போது மேலே சரசரவென்று ஓடியது.

டீச்சர் நிமிர்ந்தாள். "எலியா?"

பெரியவரின் முகம் சிவந்தது. "இந்த வீட்டுல எலி கிடையாது."

"கோவிச்சுக்காதீங்க. பிள்ளைங்க இருக்கற இடமாச்சே, அதான்..."

"பழைய வீடும்மா. கொஞ்சம் மூச்சு விடும்."

டீச்சருக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று. சிரித்தாள். "கூரை எல்லாம் எப்படிங்கய்யா?"

"எங்கப்பா பக்கத்துலயே நின்னு போட்ட தளம். நான் சின்னப் பையனா தண்ணி ஊத்தியிருக்கேன்."

அது உண்மைதான். அவர் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. டீச்சரும் அதற்குமேல் கேட்கவில்லை. சாக்பீசுக் கோடுகளைத் தாண்டித் தாண்டிப் போய் மறு கோடிக்கு அளவெடுத்தாள்.

சிட்டு அன்று மாலை பெரியவரைப் பின்கட்டில் பிடித்தாள். மேஸ்திரி பிரஷ் கழுவப் போயிருந்தான்.

"ஐயா, அந்தம்மா பிள்ளைங்களைப் படுக்க வைக்கப் போகுதாம்."

"கேட்டேன்."

"ஒரு வார்த்தை சொல்லிடுங்கய்யா. பலகையைப் பிரிச்சுப் புதுசா தளம் போட்டுக்கிட்டா..."

"பட்டி குழைச்சது யாரு?"

சிட்டு கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"பலகை அடிக்கலாம்னு சொன்னது யாரு? அடிச்ச கை யாருது? நாளைக்குப் போலீசு கேட்டா முதல்ல அந்தக் கையைத்தான் கேக்கும்." அவர் அதை மிரட்டலாகச் சொல்லவில்லை. ஆலையில் ஷிப்ட் மாறும்போது சொல்லும் தகவல் போலச் சொன்னார். "உன் புருஷனுக்கு வாழ்க்கை அமையப் போகுது. நீ கெடுத்துக்காதே. அம்பது வருஷம் நின்ன கூரை. இன்னும் நிக்கும்."

"நிக்கும்னா நீங்க ஏன்யா கூடத்தைச் சுத்திக்கிட்டு ஓரமாவே போறீங்க?"

பெரியவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். அவர் வீட்டில் இத்தனை காலத்தில் எந்த வேலைக்காரரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. உள்ளே போய்விட்டார். கூடத்தின் வழியாக அல்ல, பக்கத்து அறை வழியாக.

பத்திரம் முடிவதற்கு முன்னால் எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று சிட்டு டீச்சரின் வீட்டைத் தேடிப் போனாள். குழந்தை இடுப்பில் இருந்தது. டீச்சர் உட்காரச் சொல்லி, குழந்தைக்கு பிஸ்கட் கொடுத்தாள். சிட்டு நின்றுகொண்டே சொன்னாள். ஒரு பலகையைக் கழற்றிப் பார்த்தால் போதும் என்று சொன்னாள்.

டீச்சரின் முகத்தில் சிரிப்பு மெல்ல வற்றியது. ஆனால் சிட்டு எதிர்பார்த்த பயம் அங்கே வரவில்லை.

"பெரியவர் முன்னாடியே சொன்னாரும்மா," என்றாள். "இடிச்சு மனை போடறதுக்கு ஒருத்தர் அந்த வீட்டையே சுத்திச் சுத்தி வர்றாராம். விக்கற நேரத்துல யாரையாவது அனுப்பிக் கலைக்கப் பார்ப்பாங்க, காதுல போட்டுக்காதீங்கன்னார். நீயா இருக்கும்னு நான் நினைக்கல."

"என்னை யாரும் அனுப்பலைங்கம்மா. சத்தியமா."

"அந்த வீட்டு வேலையிலதானே நீங்க சாப்பிடறீங்க?" டீச்சர் கோபப்படவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "அவர் எப்படிப்பட்ட மனுஷர்னு நான் தெருவுல விசாரிச்சுட்டுத்தான் வந்தேன். ஒரு பொய் வராதாம் அவர் வாயில. போம்மா. நான் இதை அவர்கிட்டச் சொல்ல மாட்டேன்."

சொன்னபடியே அவள் சொல்லவில்லை. பத்திரம் முடிந்தது. தங்கையின் புருஷனுக்கு ஆபரேஷன் நடந்தது. மேஸ்திரிக்கு, திறப்பு விழாவன்று பெரியவரின் மாப்பிள்ளையை வந்து பார்க்கும்படி சொல்லியனுப்பியிருந்தார்கள்.

விழா காலையில் நடந்தது. டீச்சர் கூடம் முழுவதும் பாய் விரித்து, குழந்தைகளை வரிசையாக உட்கார வைத்திருந்தாள். தொழிற்சாலைப் பெண்கள் சீருடையோடு வந்து, குழந்தைகளை முத்தமிட்டுவிட்டு, நேரமாகிறது என்று ஓடினார்கள். ஒருத்தி வாசலில் நின்று, "இத்தனை நாள் பக்கத்து வீட்டுக்காரிகிட்டத் திட்டு வாங்கிக்கிட்டு விட்டுட்டுப் போவேன். இப்பத்தான் எனக்கு உயிரே வந்துச்சு," என்று சிட்டுவிடம் சொன்னாள். சிட்டு அவள் கையைப் பிடித்தாள். அந்தப் பெண் அதைச் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டு, தானும் அழுத்திவிட்டு ஓடினாள்.

சிட்டு சமையலறையில் டீ ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். குழந்தையைக் காலடியிலேயே வைத்திருந்தாள். வாசலில் மேஸ்திரி புதுச் சட்டையோடு, போனில் பேசிக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் கண்ணில் படும்படி நின்றான்.

பெரியவர் வந்தார். கூடத்தின் நடுவில், ஓடுகிற மின்விசிறிக்கு நேர் கீழே, அவருக்கென்று கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்று போட்டிருந்தது.

"வாங்கய்யா, வாங்க! இது உங்கப்பா வீடு. நீங்க நடுவுல வந்து உக்காந்தாத்தான் எனக்கு மனசு நிறையும்," என்றாள் டீச்சர்.

பெரியவர் நிலைப்படியருகே நின்றார். "இருக்கட்டும்மா. இங்கேயே நிக்கிறேன்."

"வெயில்ல நிக்கிறீங்களே, உள்ள ஃபேன் ஓடுது."

"வேணாம்."

"பிள்ளைங்கள்லாம் உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கு. ஒரு நிமிஷம் உக்காந்துட்டுப் போங்கய்யா."

"நான் நின்னே பழகினவன்," என்றார் பெரியவர். அவர் முதுகு நேராக இருந்தது. செருப்பின் நுனிகூட நிலைப்படியைத் தாண்டவில்லை.

டீச்சருக்குச் சங்கடமாக இருந்தது. நடுக்கூடத்தில் நாற்காலி காலியாக இருப்பது நன்றாக இல்லை. சுற்றிலும் பார்த்தாள். சிட்டு கையில் தட்டோடு சமையலறை வாசலுக்கு வந்த நேரம், அவள் காலுக்கிடையில் நுழைந்து குழந்தை எட்டிப் பார்த்தது. டீச்சர் இரண்டே எட்டில் வந்து அதை வாரித் தூக்கிக்கொண்டாள்.

"ஐயா உக்கார மாட்டாராம். அப்ப, இந்த வீட்டுக்கு உழைச்சவங்க வீட்டுப் பிள்ளை உக்காரட்டும்! எல்லாரும் கை தட்டுங்க பார்ப்போம்!"

குழந்தையை நாற்காலியில் உட்கார வைத்தாள். அதன் கால்கள் இருக்கையின் விளிம்பைக்கூடத் தொடவில்லை. குழந்தைகள் எல்லாம் கை தட்டின. பிஞ்சுக் கைகளின் தட்டல் வெள்ளைக் கூரையில் மோதிக் கூடம் முழுக்க நிறைந்தது.

சிட்டு தட்டைத் தரையில் வைத்தாள். வாசலிலிருந்து மேஸ்திரி கண்ணாலேயே வேண்டாம் என்றான். மாப்பிள்ளை அப்போதுதான் போனை வைத்துவிட்டு அவன் பக்கம் திரும்பியிருந்தார். சிட்டு நகர்ந்தாள். அவளுக்கும் நாற்காலிக்கும் நடுவில் குழந்தைகள் பாய்க்குப் பாய் நெருங்கி உட்கார்ந்திருந்தன. யார் கையையும் மிதிக்காமல், யார் விரலையும் நசுக்காமல் எப்படிப் போவது என்று தெரியவில்லை. ஒரு காலைத் தூக்கினவள், வைக்க இடம் தேடி அப்படியே நின்றாள்.

நாற்காலியில் இருந்த குழந்தைக்குக் கைதட்டல் பிடித்துவிட்டது. அதுவும் தட்டியது. மேலே, விசிறியின் தண்டு நுழையும் இடத்திலிருந்து, மாவு சலித்தது போல வெள்ளையாக ஏதோ இறங்கி அதன் தலைமயிரில் படிந்தது. டீச்சர் குனிந்து ஊதிவிட்டாள்.

"பவுடர் எல்லாம் போட்டுக்கிட்டு வந்திருக்கா பாருங்க, மகாராணி!" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். பெரியவர் அதைப் பார்த்தார். ஏதோ சொல்ல வருவது போல வாய் திறந்தது. பிறகு கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டு, தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றார்.